நாய்க்குட்டி வாங்குறதுக்கு முன்னாடி ஆறு மாசம் நாய்ச் செலவு பண்ணிப் பாருங்க



போன ஜூலை மாசம். ஐடிஆர் தாக்கல் பரபரப்புல ஆர்.எஸ்.புரம் ஆபீஸ்ல ஃபைல்களுக்கு நடுவுல உட்கார்ந்திருந்தேன். சரவணம்பட்டி ஐடி கம்பெனி ஒண்ணுல வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் வந்தார். வயசு 26, கைக்கு வர்ற சம்பளம் 46,000 ரூபாய். ஃபார்ம் 16 குடுத்தார், பேங்க் ஸ்டேட்மென்ட் குடுத்தார். அதுல மாசம் 3,700 ரூபாய் கிரெடிட் கார்டு ஈஎம்ஐ ஒண்ணு போயிட்டிருந்தது.

"இது என்னங்க தம்பி, ஃபோனா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நாய்க்குட்டிங்க சார். இப்ப இல்லீங்க."

ஆன்லைன்ல படம் பார்த்து 22,000 ரூபாய்க்கு ஒரு ஹஸ்கி குட்டி வாங்கியிருக்கார். வயசு 40 நாள். தடுப்பூசி போட்டாச்சுன்னு சொன்னாங்க, அட்டை மட்டும் வரலை. வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் வாந்தி, ரத்தக் கழிச்சல். பார்வோ வைரஸ். நாலு நாள் டிரிப்ஸ், 19,000 ரூபாய் பில். அஞ்சாம் நாள் குட்டி போயிடுச்சு. மொத்தம் 41,000 ரூபாயை 12 மாச ஈஎம்ஐ-யா மாத்தியிருக்கார். இல்லாத குட்டிக்கு இன்னும் அஞ்சு தவணை பாக்கி.

கிளம்பும்போது கதவுப் பக்கத்துல நின்னு கேட்டார்: "சார், வேற குட்டி வாங்கலாமுங்களா?"

அவருக்கு நான் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை. நாய் மட்டுமில்லை. "ஊர்ல தோட்டம் இருக்கு, நாலு கோழி, ரெண்டு ஆடு விடலாமா?"ன்னு கேட்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

முதல் கேள்வி: இது குடும்பமா, தொழிலா?

வீட்டுக்கு ஒரு உயிரைக் கொண்டுவர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. இது உங்க குடும்பத்துல ஒரு ஆளா, இல்லை உங்க தொழில்ல ஒரு பகுதியா?

குடும்பம்னா அது செலவு. வருமானம் எதிர்பார்க்கக் கூடாது. அம்மாவுக்கு மருந்து வாங்கும்போது "ரிட்டர்ன் என்ன?"ன்னு நாம கேட்கிறதில்லையே, அந்த மாதிரி. தொழில்னா நோட்டுப் போட்டு வரவு செலவு எழுதணும், கூலி உட்பட.

என்கிட்ட வர்ற பிரச்சினைகள்ல பாதி, இந்த ரெண்டையும் குழப்பிக்கிறதால வருது. நாய் வாங்கும்போதே "குட்டி போட்டா ஒண்ணு 15,000-க்கு விக்கலாம்"னு கணக்குப் போடுறவங்க ஒரு பக்கம். ஆட்டுப் பண்ணையைப் பேங்க் டெபாசிட் மாதிரி நினைச்சுப் பணம் போடுறவங்க இன்னொரு பக்கம்.

நாய்: மாசம் 4,000, பன்னிரண்டு வருஷம்

எங்க வீட்டுல ஒரு நாட்டு நாய் இருக்கு. பேரு ராகி, வயசு அஞ்சு. தெருவுல இருந்து எடுத்து வந்ததால வாங்கின விலை பூஜ்யம். அதோட கணக்கைப் பாருங்க.

சாப்பாடு (சோறு, கோழிக்கறி, முட்டை, கொஞ்சம் ரெடிமேட் தீவனம்): மாசம் 2,800
உண்ணி மருந்து, குடற்புழு மருந்து: மாசம் 400
தடுப்பூசி, செக்கப் வருஷம் 3,600: மாசத்துக்கு 300
பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது விடுதியில் விடுறது, வருஷத்துல 12 நாள், நாளைக்கு 500: மாசத்துக்கு 500

ஆக மாசம் 4,000. வருஷம் 48,000. ஒரு நாய் சராசரியா 10-ல இருந்து 13 வருஷம் இருக்கும். 12 வருஷம்னு வெச்சா 5.76 லட்சம். விலைவாசி வருஷம் 6% ஏறுதுன்னு சேர்த்தா 8 லட்சத்தைத் தாண்டும். இதுல ஆபரேஷன், எலும்பு முறிவு, வயசான காலத்து சிறுநீரகக் கோளாறு எதுவும் சேர்க்கலை.

பயமுறுத்துறதுக்காகச் சொல்லலை. ராகி எங்களுக்குத் தர்றதுக்கு நான் விலை போடவும் மாட்டேன். நாய்க்குட்டியோட விலை அதோட மொத்தச் செலவுல ரொம்பச் சின்ன பகுதி. 22,000 ரூபாய்க்குப் பேரம் பேசுறோம், 8 லட்சத்தைப் பத்தி யோசிக்கிறதே இல்லை. அதைத்தான் சொல்ல வர்றேன்.

அதனால நான் எல்லாருக்கும் சொல்ற ஒரு சோதனை இருக்கு. குட்டி வாங்குறதுக்கு முன்னாடி, ஆறு மாசம் நாய்ச் செலவு பண்ணிப் பாருங்க, நாய் இல்லாமலேயே. சம்பளம் வந்த அன்னைக்கே 4,000 ரூபாயைத் தனியா ஒரு சேமிப்புக் கணக்குக்கு மாத்திடுங்க. ஆறு மாசம் முடியும்போது 24,000 ரூபாய் கையில இருக்கும். அதான் உங்க நாயோட அவசர நிதி. நடுவுல ரெண்டு மூணு தடவை எடுத்துச் செலவு பண்ணிட்டீங்கன்னா, உங்க பட்ஜெட்ல இப்போதைக்கு நாய்க்கு இடமில்லை. அவ்வளவுதான், அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை.

இதே ஆறு மாசத்துல இன்னொரு சோதனையும் பண்ணுங்க. தினமும் காலையில ஆறு மணிக்கு எந்திரிச்சு அரை மணி நேரம் நடங்க. சாயந்திரம் அரை மணி நேரம். உங்களால முடியலைன்னா, நாய் வந்தப்புறமும் முடியாது. கடைசியில அம்மாதான் நடத்திட்டுப் போவாங்க.

எந்த நாய், எங்கே வாங்குறது?

2018-ம் வருஷ செல்லப்பிராணி கடை விதிகள்படி எட்டு வாரம் முடியாத குட்டியை விக்கவே கூடாது. நம்ம தம்பிக்கு வந்தது 40 நாள் குட்டி, ஆறு வாரம்கூட ஆகலை. தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி குறையுற சமயம், தடுப்பூசி இன்னும் வேலை செய்ய ஆரம்பிக்காத சமயம். பார்வோ பிடிக்கிறது இந்த இடைவெளியிலதான். பொதுவா 6–8 வாரத்துல முதல் ஊசி ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் வரைக்கும் தொடரணும். வெறிநாய்க்கடி ஊசி மூணாவது மாசம், அப்புறம் மருத்துவர் சொல்ற கணக்குல. தேதி, கையெழுத்து, மருந்து பாட்டிலோட ஸ்டிக்கர் மூணும் இருக்கிற அட்டையைப் பார்க்காம ஒரு ரூபாய் குடுக்காதீங்க.

இன்னொண்ணு. பார்வோ வந்த வீட்டுல அந்தக் கிருமி மாசக்கணக்குல உயிரோட இருக்கும். பினாயில் போட்டுக் கழுவினா போகாது, பிளீச்சிங் கரைசல் வேணும். அந்த வீட்டுக்கு ஊசி முழுசா போடாத குட்டியை உடனே கொண்டுவந்தா, அதுக்கும் அதே கதிதான். தம்பிக்கு நான் முதல்ல சொன்னது இதைத்தான்: "அவசரப்படாதீங்க. உங்க வீட்டுக்கும் ஆறு மாசம் தேவை, உங்க பேங்க் கணக்குக்கும் ஆறு மாசம் தேவை."

ஹஸ்கி பனிப் பிரதேசத்து நாய். கோயமுத்தூர் ஏப்ரல் வெயிலுக்கு அதுக்கு ஏசி போடணும்னா, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற கரண்ட் பில்லையும் நாய்ச் செலவுல எழுதிக்குங்க. நம்ம மண்ணுக்குன்னே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு நாய்கள் இருக்கு. ஆனா இதெல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த நாய்கள், ஓட இடம் வேணும். ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்ல கட்டிப்போட்டா அதுவும் பாவம், நீங்களும் பாவம். ஃபிளாட்டுக்குத் தெருவுல பிறந்த நாட்டு நாய்க்குட்டிதான் என் முதல் சிபாரிசு. நம்ம வெயில் பழகினது, விலையும் கிடையாது.

பழக்குறதுதான் மலிவான இன்ஷூரன்ஸ்

பழக்காத நாய்தான் செலவு வைக்கும். சோஃபா, செருப்பு, சார்ஜர் கடிச்சா சின்னச் செலவு. பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடிச்சா பெரிய செலவு. வளர்க்கிறவரோட அலட்சியத்தால ஒரு விலங்கு ஆளைக் காயப்படுத்தினா, பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவுல ஆறு மாசம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டும் கிடைக்கலாம். மருத்துவச் செலவும் நஷ்ட ஈடும் அதுக்கு மேல.

எங்க அப்பாரு காங்கேயம் பக்கத்துல காளைக்கன்னு பழக்குறதைச் சின்ன வயசுல பார்த்திருக்கேன். புதுக் கன்னை நேரா வண்டியில பூட்ட மாட்டார். முதல்ல மூக்கணாங்கயிறு, அப்புறம் வெறும் நுகத்தடி, அதுவும் பழகின கிழட்டுக் காளையோட ஜோடி சேர்த்து. பாரம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்துவார். "அடிச்சுப் பழக்குன மாடு அடிக்கிற ஆளுக்குத்தான் கண்ணு பயப்படும், சொல்லுக்குப் பயப்படாது" என்பார். நாய்க்குட்டிக்கும் அதே முறைதான்.

ஒண்ணுக்கு, ரெண்டுக்கு: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிச்சதும் தூக்கிட்டு வெளியே போங்க, ஒரே இடத்துக்கு. போய் முடிச்ச அடுத்த ரெண்டு மூணு நொடிக்குள்ள ஒரு துண்டு தின்பண்டம், ஒரு பாராட்டு. வீட்டுக்குள்ள போயிட்டா சத்தமில்லாமத் துடைச்சுடுங்க. மூக்கைத் தேய்க்கிறது, அடிக்கிறது வேண்டாம். உங்களுக்குத் தெரியாம ஒளிஞ்சு போகத்தான் அது கத்துக்கும்.

ஒரே வார்த்தை: எங்க வீட்டுல நான் "கம்"னேன், மனைவி "வா"ன்னாங்க, அம்மா "வாடி ராசாத்தி"ன்னாங்க. ராகி யாருகிட்டயும் வரலை. ஒரு பேப்பர்ல அஞ்சு வார்த்தை எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டினோம். ரெண்டு வாரத்துல சரியாச்சு. ஒரு நாளைக்கு மூணு தடவை, அஞ்சு அஞ்சு நிமிஷம் போதும்.

உலகத்தைக் காட்டுங்க: மூணாவது வாரத்துல இருந்து 14-வது வாரம் வரைக்கும் குட்டி பார்க்கிறது எல்லாம் அதுக்குப் பழகிப்போகும். குக்கர் விசில், ஆட்டோ ஹாரன், ஹெல்மெட் போட்ட டெலிவரி பையன், கோலம் போடுற பாட்டி, சின்னக் குழந்தை எல்லாத்தையும் நிதானமா அறிமுகப்படுத்துங்க. ஊசி முடியாத குட்டியைத் தரையில விடாம, கையில தூக்கிட்டே தெருவைக் காட்டலாம். பட்டாசுச் சத்தத்தை ஃபோன்ல மெதுவா வெச்சுப் பழக்கலாம்.

தனியா இருக்கப் பழக்குங்க: வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவங்க இதை விட்டுடுறாங்க. ஆபீஸ் திரும்பக் கூப்பிட்டதும் நாய் நாள் முழுக்கக் கத்துது, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வர்றார். முதல் வாரத்துல இருந்தே அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், அரை மணி நேரம்னு தனியா விட்டுப் பழக்குங்க.

சாப்பாட்டுல ஒரு எச்சரிக்கை. வெங்காயம், திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட் நாய்க்கு விஷம். மிச்சமான சாம்பார்ல வெங்காயம் இருக்கும், பிரியாணியில வெந்த எலும்பு இருக்கும். கேசரியில இருக்கிற கிஸ்மிஸ்கூட ஆபத்துதான். வெயில் காலத்துல நடத்துறதுக்கு முன்னாடி புறங்கையைத் தார் ரோட்டுல ஏழு நொடி வெச்சுப் பாருங்க. உங்களுக்குச் சுட்டா அதோட பாதத்துக்கும் சுடும்.

தோட்டத்துக் கணக்கு: கோழி, ஆடு

இப்போ ரெண்டாவது வகைக்கு வருவோம். ஊர்ல அப்பா, அம்மா இருக்காங்க, கொஞ்சம் தோட்டம் இருக்கு, "சைடு இன்கம்" வேணும். கொங்குப் பக்கத்து சம்பளக்காரங்க பத்துப் பேர்ல அஞ்சு பேருக்காவது இந்த ஆசை இருக்கும்.

நாலு நாட்டுக்கோழி, ஒரு சேவல்னு வெச்சுக்குவோம். நாட்டுக்கோழி பண்ணைக் கோழி மாதிரி வருஷத்துக்கு 300 முட்டை போடாது. 60–80 போடும், நடுவுல அடைக்கு உட்காரும். கோழிக்கு 70 முட்டைன்னா நாலுக்கு 280. ஒண்ணு 15 ரூபாய்னா 4,200 வரவு. தீவனம்: அஞ்சு பறவைக்கு நாளைக்கு 350 கிராம், வருஷத்துக்குச் சுமார் 128 கிலோ. கிலோ 30 ரூபாய்னா 3,840 செலவு. லாபம் 360 ரூபாய், வருஷத்துக்கு! மேய்ச்சலும் அடுப்படி மிச்சமும் பாதித் தீவனத்தை மிச்சப்படுத்தினா 2,280 ரூபாய் நிக்கும். கூண்டுச் செலவு தனி, கீரிக்கும் பூனைக்கும் போறது தனி. வீட்டுக்கு நல்ல முட்டை கிடைக்குதுன்னா தாராளமா வளருங்க. சைடு இன்கம்னு மட்டும் சொல்லாதீங்க.

பழக்கம் இங்கேயும் உண்டு. புதுக் கோழிகளை ஒரு வாரமாவது கூண்டுக்குள்ளேயே வெச்சிருந்து, அப்புறம் சாயந்திரம் இருட்டுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மட்டும் திறந்து விடுங்க. தீவனம் போடும்போது தினமும் ஒரே மாதிரி குரல் குடுங்க. பத்து நாள்ல பொழுது சாயும்போது அதுகளே வந்து அடையும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை விட்டுடாதீங்க. அந்த நோய் வந்தா ஒரு வாரத்துல கூண்டே காலியாகும். கால்நடைத் துறை முகாம் போடும்போது இலவசமாவே போடுவாங்க.

ஆட்டுக்கு வருவோம். வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் அஞ்சு மாசம். ரெண்டு குட்டி போடுறது சாதாரணம். காகிதத்துல கணக்குப் போட்டா அஞ்சு ஆடு மூணு வருஷத்துல ஒரு மந்தையாகும். ஆட்டுக்கொல்லி நோய், துள்ளுமாரி, மழைக்காலக் குடற்புழு, திருட்டு, தெருநாய்க் கடி இதெல்லாம் அந்தக் காகிதத்துல இருக்காது. அதைவிட முக்கியம், மேய்க்கிற ஆளோட கூலியும் இருக்காது. "அப்பா பார்த்துக்குவார்" என்பீங்க. அப்பாவுக்கு 64 வயசு. அவர் தினம் நாலு மணி நேரம் ஆட்டோட நடக்கிறார்னா, அந்தக் கூலியைச் செலவுல எழுதுங்க. அதை எழுதினப்புறமும் மிச்சம் நின்னாத்தான் லாபம். இல்லைன்னா அப்பாவோட உழைப்பைத்தான் லாபம்னு பேர் வெச்சு எடுத்துக்கிறீங்க.

தேசிய கால்நடை இயக்கத்துல பண்ணைக்கு 50% முதலீட்டு மானியம் இருக்கு. உண்மைதான். ஆனா மானியத்துக்காகப் பண்ணை வைக்காதீங்க. மீதிக் கடன் உங்க சம்பளத்துல இருந்துதான் போகும். ரெண்டு ஆட்டோட ஒரு வருஷம் நோட்டுப் போட்டுப் பாருங்க. முன்னாடியே சரவணம்பட்டியில இருக்கிற கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்துல ஒரு வகுப்புக்குப் போய் வாங்க. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தூரமில்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இன்ஷூரன்ஸ் எடுத்தா காதுல போடுற அடையாள வில்லை ரொம்ப முக்கியம். வில்லை விழுந்துட்டா உடனே சொல்லி மாத்துங்க, இல்லைன்னா கிளெய்ம் வராது. அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

ஈமு கணக்கு: நான் வாயைத் திறக்காத நாள்

இதை எங்க வீடியோவுல இதுவரைக்கும் சொன்னதில்லை.

2011-ல நான் ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணிட்டிருந்தேன். எங்க மாமா ஒருத்தர் ஈமு கோழி வளர்க்க ஆரம்பிச்சார். அப்போ பெருந்துறையைச் சுத்தி இப்படி நிறைய கம்பெனிகள். மாமா பணம் கட்டின கம்பெனி பேர் இங்கே வேண்டாம். ஆனா அதுல பெரிசா இருந்த சுசி ஈமு ஃபார்ம்ஸோட திட்டம் எல்லாருக்கும் தெரிஞ்சது. 1.5 லட்சம் கட்டினா ஆறு ஈமு குஞ்சு. கொட்டகையும் தீவனமும் மருத்துவமும் கம்பெனியோடது. மாசம் 6,000 ரூபாய் பராமரிப்புத் தொகை, வருஷத்துக்கு 20,000 போனஸ், ரெண்டு வருஷம் கழிச்சு 1.5 லட்சமும் திரும்ப வரும். பறவையே வளர்க்க வேண்டாம், பணம் மட்டும் கட்டினா மாசம் 7,000-னு "விஐபி திட்டம்" வேற. சினிமா நடிகர்கள் விளம்பரத்துல வந்தாங்க.

மாமா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னாடி கணக்குப் போட்டேன். மாசம் 6,000, வருஷம் 72,000. போனஸ் சேர்த்து 92,000. 1.5 லட்சத்துக்கு வருஷம் 61%. ஃபிக்ஸட் டெபாசிட்ல ஒன்பது பர்சென்ட் கிடைச்ச காலம் அது. பறவை செத்தாலும் பணம், முட்டை போடலைன்னாலும் பணம். அப்போ அந்தப் பணம் பறவையில இருந்து வரலை. அடுத்தாப்ல கட்டுற ஆளோட 1.5 லட்சத்துல இருந்துதான் வருது. எனக்குப் புரிஞ்சது.

ஆனா பத்திரிகையை மடிச்சுப் பாக்கெட்டுல வெச்சுட்டேன். ஊர்ல எல்லாருக்கும் மாசாமாசம் பணம் வந்துட்டிருந்தது. நான் இன்னும் பாஸ்கூட ஆகலை. "நீ முதல்ல பரீட்சை எழுது மாப்ளே"ன்னு சொல்லிடுவாரோன்னு கூச்சம்.

2012 ஆகஸ்ட்ல சுசி கவிழ்ந்தது. வரிசையா மத்ததும் விழுந்தது. பறவைகளுக்குக் கால்நடைத் துறையே தீவனம் போட வேண்டிய நிலை. தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல வழக்கு, கோவை சிறப்பு நீதிமன்றத்துல விசாரணை, தண்டனை எல்லாம் நடந்தது. மாமாவுக்கு வந்தது அஞ்சு மாசப் பணம். அதுக்கப்புறம் தீவன வண்டி வரலை. அஞ்சடி உயரத்துக்கு ஆறு பறவை பசியில நடந்துட்டே இருக்கும். அத்தை முட்டைக்கோஸ் தழையும் மக்காச்சோளமும் தூக்கிட்டுப் போய்ப் போடுவாங்க. "காசு போனா போகுது, வாயில்லா ஜீவன் என்ன பண்ணுச்சு?" என்பாங்க. அந்தத் தீவனமும் கடன்தான்.

அன்னைக்கு நான் பேசியிருந்தா மாமா கேட்டிருப்பாரா, தெரியாது. ஆனா சொல்லியிருக்கணும். இந்த சேனல் ஆரம்பிச்சதுக்கு அந்தக் கல்யாணப் பத்திரிகையும் ஒரு காரணம்.

இதே கொங்கு மண்ணுலதான் பல்லடம், உடுமலைப் பக்கம் பிராய்லர் ஒப்பந்த வளர்ப்பும் நடக்குது. கம்பெனி குஞ்சும் தீவனமும் குடுக்கும், விவசாயி வளர்ப்பார், கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி. கூலி போதலைன்னு சண்டையும் நடக்கும். ஆனா ரெண்டுக்கும் வித்தியாசத்தைப் பாருங்க. அங்கே கோழியைக் கடைசியில யாரோ வாங்கிச் சாப்பிடுறாங்க. உழைச்சதுக்குக் கூலி வருது, போட்ட பணத்துக்கு வட்டி இல்லை. ஈமுவை வாங்கினது அடுத்த முதலீட்டாளர் மட்டும்தான்.

அதனால ஈமுவோ, நாட்டுக்கோழியோ, ஆடோ, நாளைக்கு வேற பேர்ல எது வந்தாலும் மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, கடைசியில இதை வாங்கிச் சாப்பிடுறது அல்லது பயன்படுத்துறது யார்? அவங்களை நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?
ரெண்டு, விலங்கு செத்தாலும் பணம் வருமா? வரும்னு சொன்னா அது பண்ணை இல்லை, டெபாசிட்.
மூணு, டெபாசிட்னா அதை வாங்க அவங்களுக்கு அனுமதி இருக்கா? 2019-ம் வருஷச் சட்டப்படி ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்களுக்குத் தடை இருக்கு. ரிசர்வ் வங்கியோட சசேத் இணையதளத்துல தேடிப் பார்க்கலாம், புகாரும் குடுக்கலாம்.

உயிருக்கு நிலையான வட்டி கிடையாது. அது சாப்பிடும், நோய்ப்படும், சாகும். நிலையான வருமானம் தர்றேன்னு ஒரு விலங்கோட பேர்ல யாராவது சொன்னா, எழுந்து வந்துடுங்க.

வரி பத்திச் சுருக்கமா

பால், முட்டை, ஆடு வித்த காசு விவசாய வருமானம்னு நிறைய பேர் நினைச்சிருக்காங்க. இல்லைங்க. நிலத்துல உழுது விதைச்சு வர்றதுதான் விவசாய வருமானம். கால்நடை வளர்ப்பு தொழில் வருமானம், வரி உண்டு. நாய்க்குட்டி வித்தாலும் அதேதான். இனப்பெருக்கம் பண்ணி விக்கணும்னா 2017-ம் வருஷ விதிகள்படி மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவும் வேணும்.

சம்பளத்தோட இந்த வருமானமும் இருந்தா ஐடிஆர்-1 போட முடியாது. ஐடிஆர்-3 அல்லது 4. தொழிலுக்காக வெச்சிருந்த மாடு செத்துப்போனா, வாங்கின விலையைச் செலவாக் காட்டலாம். 1961-ம் வருஷச் சட்டத்துலயே 36-வது பிரிவுல இதுக்கு இடம் இருந்தது. நோட்டு எழுதினவங்களுக்குத்தான் இது கிடைக்கும்.

வீட்டு நாயோட மருத்துவச் செலவுக்கோ இன்ஷூரன்ஸுக்கோ 80டி கழிவு கிடையாது. ஆனா கால்நடை மருத்துவமனையோட சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, பில்லைப் பாருங்க. கிளி வளர்க்க ஆசைன்னா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க: நம்ம ஊர் பச்சைக்கிளி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வருது. கூண்டுல வெச்சாலே குற்றம்.

தம்பி திரும்ப வந்தார்

ஜூலையில போன தம்பி பிப்ரவரியில வந்தார். ஆறு மாசம்னு சொன்னது ஏழு மாசமாச்சு. அக்டோபர்ல நண்பர் கல்யாணத்துக்குப் பணத்தை எடுத்துட்டாராம், அதனால ஒரு மாசம் கூட்டிக்கிட்டார். ஈஎம்ஐ முடிஞ்சிருந்தது. தனிக் கணக்குல 24,000 ரூபாய் இருந்தது. காலையில ஆறு மணிக்கு எந்திரிக்கிற பழக்கமும் வந்திருந்தது, எடை நாலு கிலோ குறைஞ்சிருந்தார்.

ஃபோன்ல ஒரு படம் காட்டினார். அவங்க தெருவுல பிறந்த நாட்டு நாய்க்குட்டி, கறுப்பு நிறம், ஒரு காது மடிஞ்சிருக்கு. வயசு நாலரை மாசம். ஊசி எல்லாம் முடியுற வரைக்கும் தெருக்கோடி அக்கா வீட்டுலயே வெச்சிருந்து, செலவை இவர் குடுத்திருக்கார். அட்டையையும் காட்டினார். தேதி, கையெழுத்து, ஸ்டிக்கர் மூணும் இருந்தது.

"வாங்கின விலை எவ்வளவுங்க தம்பி?"ன்னு கேட்டேன்.

"அந்த அக்காவுக்கு ஒரு கிலோ மைசூர்பா வாங்கிக் குடுத்தேனுங்க சார்" என்றார்.

செலவு நோட்டுல அதையும் எழுதச் சொல்லி அனுப்பினேன்.

நீங்களும் இந்த மாசச் சம்பளத்துல இருந்து ஆரம்பிங்க. ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்.